படமில்லாத லியோங் வாத்தியார்

பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு, ஜார்ஜ் டவுனில் பால் ஊற்றிப் பிழைத்தவள் நவமணி. கார்னர்வன் தெரு மாடியறையில் குடியிருந்த லியோங் வாத்தியார் அவளுடைய வாடிக்கை. சீனத்து மஞ்சு மன்னனின் கொடுங்கோலை எதிர்த்துப் பேசியதற்காக அவருடைய அண்ணனைத் தலையை வெட்டிக் கொன்றார்கள். வாத்தியார் தப்பிப் பினாங்குக்கு வந்தவர். அவர் மனைவி ஆ மூய் பிள்ளைத்தாச்சி. நவமணியும் அவர்களும் சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள்.

1911 பங்குனியில் வாத்தியார் கப்பலேறினார். சிங்கப்பூரில் வேலை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். படியிறங்கும்போது நவமணியைப் பார்த்து, "பாலை நிறுத்திடாதே அக்கா. அவ குடிக்கட்டும்," என்றார்.

அவர் போனது சீனத்துக் காண்டன் நகருக்கு, மன்னனுக்கு எதிரான புரட்சியில் சேர. அந்தப் புரட்சி தோற்றது. வாத்தியாரைச் சுட்டுவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை ஆ மூயிடம் மூச்சுவிடக் கூடாது என்று பினாங்கில் இருந்த அவருடைய புரட்சித் தோழர்கள் நவமணியின் வாயையும் கட்டினார்கள். பெண் குழந்தை பிறந்தது. அப்புறமும் யாருக்கும் நாக்கு எழவில்லை. சொல்லும் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள்.

ஒரு காலையில் ஆ மூய், அவர் வந்ததும் பிள்ளைக்குப் பேர் வைக்கப்போவதாகச் சொன்னாள். நவமணிக்குத் தாங்கவில்லை. தோட்டத்தில் காய்ச்சலில் போன தன் புருஷனைப் புதைத்த பிறகுதான் அந்தச் சாவையே கங்காணி அவளிடம் சொல்லியிருந்தான்.

பால் செம்பை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அவரு வரமாட்டாருலா, தங்கச்சி. காண்டன்ல சுட்டுட்டாங்க."

ஆ மூய் அழவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?"

"பிள்ள உன் வயித்துல இருக்கறப்பவே."

அதன்பின் பல வாரம் அந்தக் கதவு நவமணிக்குத் திறக்கவில்லை. அவள் செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலிச் செம்பு இருக்கும்.

மறு வருடம் மஞ்சு மன்னன் முடி துறந்தான். தெருவெல்லாம் பட்டாசு. செத்த தோழர்களின் படங்களைப் புரட்சிக்காரர்களின் சங்கத்துக் கூடத்தில் மாட்டினார்கள். ஒற்றர்களுக்குப் பயந்து வாத்தியார் படமே எடுத்துக்கொண்டதில்லை; அவருக்கென்று மாட்டிய படச்சட்டத்துக்குள் பேர் எழுதிய காகிதம் மட்டும் இருந்தது. ஆ மூய் நவமணியைக் கையோடு கூட்டிப்போனாள். இவள் எதற்கு என்று வாசலில் ஒருவர் தடுத்தார்.

"எனக்கு உண்மையைச் சொன்னது இவ ஒருத்திதான்," என்றாள் ஆ மூய்.

நவமணி கொண்டுபோன மல்லிகைச் சரத்தை இருவரும் சேர்ந்து சாத்தினார்கள். அப்போதுதான் ஆ மூய் வாய்விட்டு அழுதாள். குழந்தையை நவமணி வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆண்டே தாயும் பிள்ளையும் சீனத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. நவமணி பங்குனிதோறும் பூ வாங்கிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போய்வந்தாள், கால் நடக்கமாட்டாமல் போகும்வரை.