கடலில் யாரும் இல்லை

இன்று காலை மீன் வாங்க சாந்தோம் கடற்கரைக்குப் போனேன். எப்போதும் எனக்கு மீன் தரும் மேரி அக்கா, கூடையைத் திறக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கவிழ்ந்து நாலு பேர் தத்தளிப்பதாக விடியற்காலையில் காவல்துறைக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். மீட்புப் படகோடு அக்காவின் கணவர் அந்தோணியும் தன் படகில் தேடப் போயிருந்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கரையேறினார். உள்ளங்கையைக் கயிறு அறுத்து ரத்தம் வழிந்தது.

"ஒரு ஆளும் இல்ல சார். மூணு மணி நேரம் தேடுனோம். பொய் போனு. அந்த நம்பரு இப்ப ஆஃப்ல கீது."

போன் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அக்கா அவர் கையில் துணியைச் சுற்றும்போதே, மீட்புப் படகிலிருந்து அவரை அழைத்தார்கள். வேறொரு நம்பரிலிருந்து அதே மாதிரி தகவலாம்.

"மறுபடியும் ஏமாத்துறான்யா, போவாத," என்றார் அக்கா.

"நெசமா இருந்தா இன்னா பண்றது?"

டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

'கடவுளே, இதுவும் பொய்யாகவே இருக்கட்டும்' என்று வேண்டினேன். பாதியிலேயே குழம்பிவிட்டது. இதே பொய்க்காகத்தானே சற்றுமுன் ஒருவனைத் திட்டினேன்?

மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். இதுவும் பொய்தான். அந்தோணி சாப்பிடாமலே படுத்துவிட்டாராம்.

"நல்லதாப் போச்சுக்கா," என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா சார் நல்லது?" என்று கேட்டார்.

பதில் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள், அப்படியே அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.