நாலு புத்திக்காரன்

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கும் என் பிடரி மயிர் சிலிர்த்துக்கொள்கிறது. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஒரு வேலைக்கு ஓட்டிய தாளையே அடுத்தடுத்த வேலைகளுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதற்கு "வேஸ்ட் ஷீட்" என்று பெயர். காலண்டர் முருகன் முகத்தின் மேல் தீப்பெட்டி லேபிள் புலி ஏறியிருக்கும், அந்தப் புலிக்கு மேலே ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டு அலமாரித் தட்டிலிருந்து என் பாடப்புத்தக அட்டை வரைக்கும் அந்தத் தாள்தான். சாமி படத்தைக் காலால் மிதிக்காதே என்று அம்மா அதட்டுவாள். அதில் சாமி எது, புலி எது என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது.

ஊரில் ஒன்றிரண்டு பேர் கையில் மட்டும் செல்போன் இருந்த இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறைக்கு, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் முருகேசண்ணன், ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். பாத்திரத்துக்கு வலு, வேகம், புத்தி என்று எண்கள் உண்டு. மூன்று பகடையை உருட்டி என்ன விழுகிறதோ அதுதான் எண், பதினெட்டு வந்தால் உச்சம். எனக்குப் புத்தி பதினைந்து விழுந்தது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அண்ணன் கறாராகச் சொன்ன விதி ஒன்றுதான். "ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒன் ஆளுக்குத் தெரியாது புள்ள. அவனுக்குப் புத்தி எம்புட்டோ, அம்புட்டுக்குத்தான் அவன் நடப்பான். நீ ஊடால பூந்து சொல்லிக் குடுக்கக் கூடாது."

பக்கத்து வீட்டுத் தனம் எங்களோடு சேர்ந்துகொண்டாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அப்பா இல்லாத வீடு. அவளுடைய அம்மா பேச்சி அத்தை பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அத்தை வீட்டில் எதையும் தரையில் இழுக்க மாட்டார்கள். குடமோ, பெட்டியோ, நாற்காலியோ எதுவானாலும் தூக்கித்தான் வைப்பார்கள். வெடிமருந்து சிந்திய தரையில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

தனத்துக்கு வலு பதினேழு விழுந்தது, புத்தி நாலு. எண்களை எழுதிவைக்க வேஸ்ட் ஷீட்டில் அவள் வெட்டிக்கொண்ட அட்டையில் குழந்தை முகத்தின் ஊடே புலிக் கண்களும் தெரிந்ததால் அந்த முகத்துக்கு இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தன. தன் ஆளுக்குக் கட்டையன் என்று பெயர் வைத்தாள். நான் என் பதினைந்தை வைத்துக்கொண்டு அசடாக ஆடிக்கொண்டிருந்தபோது, அவள் அந்த நாலை அப்படியே எடுத்து உடுத்திக்கொண்டாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கதவைச் "செவுத்துல ஓட்டை" என்று தடித்த குரலில் சொல்லுவாள், விரல்களை எண்ணத் தொடங்கி நடுவில் மறந்துபோய் வாயைப் பிளந்து நிற்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சில நாளில் சிரிப்பு குறைந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவே "தனம்" என்று கூப்பிட்டாலும் அவள் திரும்பவில்லை.

அன்றைக்கு உச்சி வெயில். கதையில் ஒரு நிலவறை வந்தது. தரை முழுக்கக் கறுப்புப் பொடி, மூலையில் கனத்த இரும்புப் பெட்டி. "அதை வாசலுக்குக் கொண்டாரணும். கட்டையன் என்ன செய்யுதான்?" என்று அண்ணன் கேட்டார். தனத்தின் கண் முழுசாகத் திறந்தது. அவள் சொந்தக் குரலில் பேசினாள்.

"அண்ணே, அதை இழுக்கக் கூடாது. தூக்கணும்."

"அது தனத்துக்குத் தெரியும். கட்டையனுக்குத் தெரியுமா?"

அவள் அட்டையையே வெகுநேரம் பார்த்தாள். "தெரியாது," என்றாள். பிறகு கண் மெல்ல மூடியது, உதடு தொங்கியது. "இழுக்கான்."

கையை நீட்டி, இல்லாத பெட்டியை அவள் தரையோடு இழுத்தாள். அண்ணன் பகடையை எடுத்தார். உருட்டுவதற்குள் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கம்பெனிகளில் அன்றைக்குச் செய்த பட்டாசைச் சோதித்துப் பார்க்க "டெஸ்ட்" வெடிப்பது எங்கள் ஊர்க் காதுகளுக்குப் பழகிப்போன ஒன்று. இது அதில்லை. அலமாரித் தாள்கள் படபடத்தன. தெருவில் அடிபம்புச் சத்தம் நின்றது. எல்லோரும் வெளியே ஓடிவந்து புகை எந்தப் பக்கம் என்று பார்த்தோம். பேச்சி அத்தையின் கம்பெனி இருக்கும் திசையில் கறுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனி என்று யாரும் வாய் திறக்கவில்லை, எங்கள் தெருவில் அப்படிக் கேட்க மாட்டார்கள். நான் உள்ளே ஓடித் தனத்தின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றாள் தடித்த குரலில். "நல்லாருக்கு."

பெண்கள் வந்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "ஒங்கம்மா அங்கன இருக்கா புள்ள," என்று நான் அழுதேன். தனம் யோசித்துப் பார்த்துவிட்டு, "கட்டையனுக்கு அம்மா கெடையாது," என்றாள். அந்தக் குரலில் துக்கமே இல்லை. எனக்குப் புகையைவிட அதுதான் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு பேச்சி அத்தை நடந்தே வந்து சேர்ந்தாள். வெடித்தது பக்கத்து ஷெட்; அத்தை அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தாள். தலை அவிழ்ந்திருந்தது, முழங்கை வரை வெள்ளிப்பொடி மின்னியது. வாசலில் நின்று, "ஏ தனம்," என்றாள்.

தனம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

அதுவரை அழாமல் வந்த அத்தை அந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். அண்ணன், "ஆட்டம் முடிஞ்சுபோச்சு தனம், முடிஞ்சுபோச்சு," என்றார். "எந்த ஆட்டம்?" என்றாள் அவள். எனக்கு அப்போது வந்தது யோசனையல்ல, ஆத்திரம். அவள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, பால்பாயிண்ட் பேனாவால் புத்தி நாலுக்கு முன்னால் ஓர் ஒன்றைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அப்படி மாத்தக் கூடாது," என்று அண்ணன் முணுமுணுத்தார். அந்த நேரத்திலும் அவருக்கு ஆட்ட விதிதான்.

"பதினாலு," என்று தனம் உதட்டை அசைத்துப் படித்தாள். அவள் மூக்கு விடைத்தது. காற்றில் வந்த மருந்து வாடையை முகர்ந்தாள், ஜன்னல் வழியே புகையைப் பார்த்தாள். சத்தம் கேட்ட நொடியில் வந்திருக்க வேண்டிய அலறல் அவளிடமிருந்து அப்போதுதான் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்து கட்டிப்பிடித்த பிறகும், அம்மா, அம்மா என்று அவள் புகையைப் பார்த்தே கதறினாள்.

அதற்கப்புறம் நாங்கள் விளையாடவில்லை. மூடிய கம்பெனி திறந்ததும் பேச்சி அத்தை மறுபடி வேலைக்குப் போனாள். வேறென்ன செய்வாள். அண்ணன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவார், அந்த நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

போன மாதம் புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். அச்சகங்களில் நிறத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அந்தக் குழம்பிய முகங்களை இப்போது எந்த வீட்டு அலமாரியிலும் காணோம். அத்தைக்கு மூச்சிரைப்பு, கட்டிலோடு கிடக்கிறாள். கம்பெனிக்குத் தனம் போகிறாள். எனக்காகப் பிளாஸ்டிக் நாற்காலியை அடுத்த அறையிலிருந்து இழுக்காமல் தூக்கிவந்து, சத்தமில்லாமல் வைத்தாள்.

சாமி படத்தின் சட்டத்தில் செருகப்பட்டிருந்தான் கட்டையன். எடுத்துப் பார்த்தேன். நாலு கண்ணும் அப்படியே இருந்தன. நான் போட்ட ஒன்றைப் பிளேடால் சுரண்டியிருந்தாள். அந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

"எப்பப் புள்ள?"

"கம்பெனிக்கு மொத நாள் போன காலைல," என்று சிரித்தாள். "பதினாலை வச்சுக்கிட்டு அங்கன போயி ஒக்கார முடியாதுல்லக்கா."

அந்நேரம் ஊருக்கு வெளியே சாயங்கால டெஸ்ட் வெடித்தது. தினம் கேட்டு வளர்ந்த சத்தம்தான், இருந்தும் என் கை பிடரிக்குப் போனது. தனம் திரும்பவில்லை.

"காபி ஆறுது, குடிங்க," என்றாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.