இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

இந்த ஊரில் சிவப்பு விளக்கில் நின்றால் கார் தானாகவே அணைந்துவிடுகிறது. கிளச்சை மிதித்ததும் மறுபடி உயிர்பெறுகிறது. அயர்லாந்துக்கு நர்ஸாக வந்து இத்தனை காலமாகியும் அந்த அமைதி எனக்குப் பழகவில்லை. நடுரோட்டில் வண்டி மக்கர் பண்ணிவிட்டதென்றே பதறுவேன். ஓட்டக் கற்றுத்தரும் பிரெண்டன் சிரிப்பார். பெட்ரோல் மிச்சமாம். அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டியவர் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா கேரள எல்லையோரத்து அமரவிளை ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். இறக்கம் வந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டியே இறங்குவார். எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். “சும்மா உருளுற வண்டிக்கு எதுக்கு மக்களே எண்ண?” என்பார். பெட்ரோல் அவருக்கு ‘எண்ண’தான்.

நான் இங்கே வந்தபின் குளத்தூர் வீட்டுக்குப் புது செடான் வாங்கினோம். அம்மாவுக்கு முன்சீட்தான் சிம்மாசனம். போன வருடம் ஆரியங்கோட்டில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் சாலையில், பிரேக் பிடிக்கவில்லை. அம்மா இருந்த பக்கம் மரத்தில் மோதியது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்காகத்தான் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். “மிதிச்சேன் மக்களே, கல்லு மாதிரி இருந்து, தாழவே இல்ல” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குச் சற்று முன்புதான் மெக்கானிக் செல்வின் பிரேக் பேட் மாற்றியிருந்தார். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. சபையில் ஆராதனைக்கு வந்தால் அவர் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் தயங்கினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது கேட்கிற விஷயமே இல்லை.

போன வாரம் காலையில் இங்கே கார்க் நகரின் ஒரு நீண்ட இறக்கத்தில் என் கை தன்பாட்டுக்குச் சாவியைத் திருப்பியது. முதல் ஒன்றிரண்டு மிதிக்குப் பிரேக் கேட்டது. அப்புறம் கல். பிரெண்டன் கத்திக்கொண்டே கற்றுத்தருபவருக்கென்று தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கில் எழுந்து நிற்பதுபோல் மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து நிறுத்தினார். இந்தக் காலத்து வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணை என்று விளக்கினார். நான் உடைந்து அழுதேன். கத்தியதற்காக அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். டெஸ்டில் கட்டாயம் பாஸாகிவிடுவீர்கள் என்றார். நானும் தலையாட்டினேன். என்னைச் சற்றுத் தனியே விட்டு அவர் இறங்கித் தூறலில் நின்றார்.

புலம்பெயர்ந்த நாங்கள், கெட்ட செய்தி ஊரிலிருந்துதான் வரும் என்று பயந்து வாழ்கிறோம். இங்கிருந்து நான் ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. அப்பா இப்போதும் அதே வண்டியைத்தான் பழுதுபார்த்து ஓட்டுகிறார். மறுநாள் என் தங்கையையும் கைக்குழந்தையையும் அதே சாலை வழியாகக் கூட்டிவருவதாக இருந்தார். சொன்னால் அம்மா எப்படிச் செத்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாமலிருக்க எனக்குத் துணிவில்லை. காரில் இருந்தபடியே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, இறக்கத்துல ஆஃப் ஆக்காதீங்க. ஆஃப் ஆக்குனா ரெண்டு மிதிக்கு மேல பிரேக் நிக்காது.”

“ஆரு சொன்னா?”

“இங்க சொல்லித்தாற ஆளு.”



“அண்ணைக்கும் ஆஃப் ஆக்கிட்டாக்கும் வந்தேன்” என்றார். பிறகு, “அப்போ செல்வின் ஒண்ணும் செய்யல்ல, இல்லியா மக்களே?”

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“நான் அவனுக்க வீடு வரைக்கும் போயிட்டு வாறேன்.”

“வண்டியிலயா அப்பா?”

“இல்ல. நடந்து.”

அப்பா போனை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். சரளைக்கல்லில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ மலையாளத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள், செருப்புச் சத்தம் நிற்கவில்லை. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இங்கே பிரெண்டன் நனைந்த கையால் கண்ணாடியைத் தட்டி, போகலாமா என்றார். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து, செல்வின் வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்காகப் போனில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.