லியாங்கின் டீயில் பாக்கு வாசம்

போன வாரம் பெரம்பலூரில் என் தங்கை மகள் உடம்பு இளைக்க ஏதோ பொட்டலம் வரவழைத்திருந்தாள். மேலே சீன எழுத்து, உள்ளே கறுப்பாக ஒரு வறட்டி. "புளிக்க வச்ச டீயாம் மாமா, தொப்பைக்கு நல்லதாம்" என்று சொல்லிவிட்டு என் தொப்பையைப் பார்த்தாள். மரியாதை கெட்ட கழுதை. வாங்கி முகர்ந்தேன். மழையில் நனைந்த சாக்கு வாசம். அவ்வளவுதான், மனசு பழைய அரியலூருக்குப் போய்விட்டது.

அங்கே ஒரு சிமெண்ட் ஆலையின் ஸ்டோர்ஸில்தான் எனக்கு முதல் வேலை. போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் மட்டும், பெண் பார்க்க வசதியாக, 'எஞ்சினியர்' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். புதுச் சூளை கட்டச் சீனாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். லியாங், வென் என்று இருவருக்குக் கெஸ்ட் ஹவுஸில் ஒரே அறை. லியாங் இளைஞர், குவாங்சிக்காரர். வென் மூத்தவர், ஹூனான்காரர். டீ விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகாது.

நமக்கு டீ என்றால் பாலும் சர்க்கரையும். மிச்சம் இடமிருந்தால் டீத்தூள். அவர்களோ இலையை ஈரத்தோடு குவித்துப் புளிக்க விட்டு, வருஷக்கணக்கில் மூலையில் போட்டு, அது நன்றாகக் கறுத்த பிறகுதான் குடிப்பார்கள். வென் வைத்திருந்தது செங்கல் மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகளாகப் பூஞ்சை. 'தங்கப் பூ' என்று பெருமையாகக் காட்டுவார். எங்கள் வீட்டு ஊறுகாயில் அப்படிப் பூத்தால் ஜாடியோடு குப்பைக்குப் போகும். லியாங்கின் டீ மூங்கில் கூடையில் வந்தது. முதலில் மண், அப்புறம் மரப்பட்டை, கடைசியில் தொண்டையில் லேசாக ஓர் இனிப்பு. அதில் பாக்கு வாசம் வரும், அதுதான் எங்கள் மண்ணின் அடையாளம் என்பார் அவர். பொய் என்பார் வென். சாயங்காலமானால் இதே ரகளை.

அந்த வருஷம் அவர்கள் புத்தாண்டுக்கு இருவரில் ஒருவருக்குத்தான் லீவு. மூத்தவர் என்பதால் அது வென்னுக்கு. லியாங்குக்கோ மகள் பிறந்திருந்தாள். இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஸ்டோர்ஸுக்குக் கையுறை வாங்க வந்தால்கூட போனில் அவள் படத்தைக் காட்டாமல் போகமாட்டார். திடீரென்று ஒருநாள் வென் பந்தயம் கட்டினார். பாக்கு தெரிந்த ஆள் யாராவது குடித்துப் பார்த்து 'பாக்கு வாசம்தான்' என்று சொல்லிவிட்டால் லீவு லியாங்குக்கு.

பாக்கு தெரிந்த ஆள் என்றால் எங்கள் ஸ்டோர்ஸ் தலைவர் மரியசூசை சார்தான். வரதராசன்பேட்டைக்காரர். மாதா கோயிலில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கும் நேரம் தவிர அவர் வாயில் வெற்றிலை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அவரைக் கெஸ்ட் ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். லியாங்கின் டீயைக் குடித்ததும், "பாக்கு வாசந்தான்" என்றார். லியாங் குதித்தார். வென் தன் டீயை நீட்டினார். "இதுலயும் பாக்குதான்." வெறும் தண்ணீரை நீட்டினார். "அட, இதுலயும் வருதே!"

வாயைக் கொப்பளித்துவிட்டு வரும்படி வென் சைகை காட்டினார்.

"இப்பதாம்ப்பா போட்டேன். துப்பச் சொல்றாரே இந்த மனுஷன்!" என்று சார் என்னிடம் பொருமினார்.

"லியாங் புள்ளயப் பாக்கணும் சார்."

முனகிக்கொண்டே எழுந்து போய்த் துப்பினார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஆளே வேறு யாரோ போலிருந்தார். குடித்தார். கண்ணை மூடினார். லியாங் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாக்கேதான். சந்தேகமே இல்ல."

வீடு திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "நெஜமாவே பாக்கு வாசமா சார்?"

"சாக்கு வாசம்டா. நனைஞ்ச சாக்கு. போவுது, சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன்."

லியாங் ஊருக்குப் போனார். அவர்கள் புத்தாண்டன்று முறுக்கும் பழமும் வாங்கிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். வென் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் குடித்துக்கொண்டிருந்தது லியாங்கின் டீ. எனக்கும் ஊற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கறுப்பாகப் பதப்படுத்திய பாக்கு! ஹூனானில் எல்லாரும் மெல்லுவார்களாம், அவர் சின்ன வயதிலிருந்தே மெல்லுகிறாராம்.

"அப்போ இந்த டீயில் பாக்கு வாசம்?" என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன்.

அதில் பாக்கு வாசம் இருப்பது முதல் நாளே தெரியும் என்றார், என்னைவிட ஓட்டையான இங்கிலீஷில். லீவைச் சும்மா கொடுத்தால் லியாங் வாங்க மாட்டான். ஜெயித்தால் போவான். வாயைக் கழுவச் சொன்னதும் அதற்குத்தானாம். ஜெயித்தது சுத்தமாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மனைவி, இரண்டு பையன்கள் என்று விரலைக் காட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முறுக்கைக் கடித்துச் சமாளித்தேன்.

திரும்பி வந்த லியாங், வேலை முடியும்வரை வென்னைக் கிண்டல் செய்து தீர்த்தார். நாக்கில்லாத மனுஷன் என்றார். வென் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். நானும் சாரும் மூச்சு விடவில்லை.

சூளையை இப்போது நம் பையன்களே ஓட்டுகிறார்கள். கெஸ்ட் ஹவுஸை இடித்தாயிற்று, சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். லீவு கேட்கப் போனிலேயே வழி வந்துவிட்டது. உண்டு, இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுகிறது. யாரும் யாரிடமும் தோற்றுப்போக வேண்டிய அவசியமில்லை.