பச்சை என்று நினைத்த புள்ளி

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில் டிசைனிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பேனர், மசாலா பாக்கெட் கவர் என்று எது வந்தாலும் செய்வேன். கலர் பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தேன்.

அப்போது எனக்குக் காசநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத்தான் கடைக்கு எடுத்துப் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் நைனார்பாளையத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சாக்லேட் செய்ய ஆரம்பித்திருந்தார். கல்வராயன் மலைச் சாமையைப் பொரித்துப் போட்டு, பால், நெய், தேன் எதுவும் சேர்க்காமல் செய்த சாக்லேட். 'வீகன்' என்கிறார்களே, அந்த வகை. புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் முதல் ஆர்டர் கொடுத்திருந்தார். கவரையும் அங்கேயே அச்சடித்து, அங்கேயே சுற்றுவதாக ஏற்பாடு.

"பாத்த ஒடனே இதுல மாட்டுப்பாலு கெடையாதுன்னு தெரியணும்மா. அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றார்.

கோகோ நிறத்தில் கவர், நடுவில் சாமைக்கதிர், இரண்டு பச்சை இலை, மூலையில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. அக்காவுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. அச்சுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். பச்சை எடுபடவே இல்லை. கொஞ்ச நாளாகவே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. பழைய மானிட்டர் என்று அதைத் திட்டிக்கொண்டே, கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் வரை கலரைக் கூட்டிக் குறைத்து அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து அக்கா ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார். வந்த வேகத்தில் ஒரு சாக்லேட்டை எடுத்து என் மேசை மேல் போட்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? நான் சாக்லேட்ல கறியா போட்டுக்கினு இருக்கேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்புப் புள்ளி இருந்தால் அசைவம். என் கவரில் பழுப்பு இருந்ததாம். சைவம் என்று நம்பி வாங்கியவர்கள் கடையில் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் மொத்தத்தையும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டு, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வந்த வழியில் வெயிலில் உருகி, மறுபடி இறுகி, ஒவ்வொன்றும் ஒரு கோணலாக இருந்தது.

கவரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

"பச்சைதானேக்கா இருக்கு?" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சிவந்திருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தன் முந்தானையை இழுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது இன்னா கலரு?"

"சாம்பல்க்கா."

"கிளிப்பச்சைம்மா இது" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "எத்தினி நாளா இப்படி?"

அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். நோய், மாத்திரை, மறைத்தது எல்லாவற்றையும் கொட்டினேன். தின்னும் பொருள் செய்கிறவர், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வண்டி கீழ நிக்குது. கெளம்பு" என்றார்.

கண் டாக்டரிடம் அவர்தான் அழைத்துப் போனார். நான் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று, அபூர்வமாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்குமாம். பச்சையும் சிவப்பும்தான் முதலில் போகுமாம். கண் மங்கினால் உடனே வந்து சொல்லும்படி சிகிச்சை தொடங்கிய அன்றே சொல்லியிருந்தார்கள். எனக்கு அது நினைவில் தங்கவில்லை. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். நோய்க்குப் பார்த்த டாக்டரிடம் பேசி அந்த ஒரு மாத்திரையை மட்டும் மாற்றினார்கள். நோய் தீர்ந்தது. படிக்கிற அளவுக்குப் பார்வையும் வந்தது. பச்சை மட்டும் வரவே இல்லை.

விஷயம் வெளியே தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். டிசைன் வேலையை விட்டேன். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். வெள்ளையில் கறுப்பு. அதற்கு இந்தக் கண் போதும்.

கொஞ்சம் தேறியதும் மன்னிப்புக் கேட்க நைனார்பாளையம் போனேன். சாக்லேட் அச்சுகள் ஒரு சாக்குப்பையில் கட்டிக் கிடந்தன. வேறு கடை எதுவும் அமையவில்லை. அக்கா பழைய பள்ளிக்கூடத்துக்கே, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் திரும்பியிருந்தார். வேறொருவரை வைத்துப் புதுக் கவர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. வூட்ல எல்லாரும் சொல்லி ஓஞ்சிட்டாங்க, நானும் ஓஞ்சிட்டேன்" என்றவர், டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"படிக்க முடியுதுக்கா" என்றேன். கண்ணாவது தப்பியதே என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் அக்காவுக்கு அத்தனையும் கைவிட்டுப் போன அந்த நேரத்தில், அதற்குக் காரணமானவளின் முகத்தைப் பார்த்து 'இவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது' என்று நினைக்க அவரால் முடிந்தது; அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கவரைத் தாண்டி எதையாவது பார்த்திருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.