நான்காம் அங்கத்துச் சத்தம்

ஹபிபுல்லா பிரான்சில் பதினேழு வருஷம் பார்த்த வேலை, இழுப்பது. ஒரு நகரத்து ஓபரா அரங்கில், மேடைக்குப் பின்னால் நின்று அரண்மனையை மேலே இழுப்பார், காட்டைக் கீழே இறக்குவார். பரங்கிப்பேட்டைக்கு லீவில் வந்தால், "பாட்டு நாடகத்துல நடிக்கிறீங்களாமே?" என்று பிள்ளைகள் சீண்டுவார்கள். "கயிறு நடிக்கும். நான் புடிச்சிக்கிட்டு நிப்பேன்" என்பார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்க வரும்.

தங்கை சமீராவின் கணவர் தவ்ஹீதை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். முதல் மாசமே தவ்ஹீத் காதோரம் வந்து கேட்டார்: "ஏன் மச்சான், கத்தியால குத்துப்பட்டவன் கால் மணி நேரம் பாடுறானே, ஒருத்தராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவக் கூடாதா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நூறு வருஷமாக யாரும் தொடாத ஒரு ஓபராவை அந்த அரங்கு எடுத்துப் போட்டது. ஐந்து அங்கம். பின்பாட்டுக்கே நூற்றைம்பது பேர். செலவு தாங்காதென்று இரண்டே நாள்தான். ரேடியோக்காரர்கள் மேடையெங்கும் மைக் கட்டினார்கள். தும்மல் வந்தாலும் வெளியே போய்த் தும்மு என்று உத்தரவு.

இரண்டாம் நாள், நான்காம் அங்கம். படை அணிவகுத்துப் போய் முடிந்தது. அதற்கப்புறம் ஒருத்தி தனியே நின்று, மூச்சு விடுகிற அளவுக்குக் குரலைத் தணித்துப் பாட வேண்டும். மேலே சிக்கிக்கொண்ட திரையை விடுவிக்க நாற்பதடி உயரத்து இரும்புப் பாலத்தில் ஏறியிருந்த தவ்ஹீத், அந்த நேரத்தில் விழுந்தார். பின்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். நனைந்த மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டதுபோல. பாடியவள் நிறுத்தவில்லை. வாத்தியங்கள் நிற்கவில்லை. ஹபிபுல்லாவும் கயிற்றை விடவில்லை. விட்டால் காடு மொத்தமும் அவள் தலையில் இறங்கிவிடும்.

தவ்ஹீத் விழுந்த இடத்திலேயே இறந்துபோனார். மறுநாள் மேலாளர் ஒரு காகிதம் நீட்டினார். நாடகம் முடிந்தபிறகு தவ்ஹீத் குடித்துவிட்டு மேலே ஏறியதைப் பார்த்தேன் என்று அதில் இருந்தது. "உன் விசா இந்த மாசம்தானே புதுப்பிக்கணும்?" என்று அக்கறையாகக் கேட்டார். ஹபிபுல்லாவுக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியாமல் இல்லை. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தில் இருந்ததே ஊருக்கும் வந்து சேர்ந்தது. பீடிகூடப் பிடிக்காத மனுஷன் குடிகாரனானார். அவர் மகள் தஸ்னீமைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், வெளியே விசாரித்த கையோடு திரும்பிப் போனார்கள். சமீரா அண்ணனிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நீங்க அங்கதான நானா இருந்தீங்க?" "நான் அந்தப் பக்கம் இருந்தேன்" என்றார். பிரான்ஸ் வேலை முடிந்து திரும்பியதும், ஊரில் இருக்கப் பிடிக்காமல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் அந்த ஓபரா நான்கு சிடியாக வெளிவந்தது. அட்டையில் ‘நேரடிப் பதிவு’ என்று போட்டிருந்தார்கள். பழைய கூட்டாளி ஒருவன் அனுப்பிவைத்தான். பெட்டியைப் பிரித்ததும் ஹபிபுல்லா நான்காம் அங்கம் எந்தத் தட்டில் என்று தேடினார். பாட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் இருக்குமே. நாடகம் நடக்கும்போதே, வேலையில் இருக்கும்போதே விழுந்தார் என்று இந்தத் தட்டே சொல்லிவிடும். அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சிதம்பரம் மேலவீதியில் அன்பரசுவின் கடையில்தான் இன்னும் சிடி ஓடும். கச்சேரிகளை ரெக்கார்டு செய்கிறவன். மத்தியானம் சமீராவை அங்கே வரச்சொன்னார். அவள் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டு சுழன்றது. படை போய் முடிந்தது.

"இப்ப பாரு" என்றார்.

அந்த ஓபராக்காரி பாடினாள். பாடிக்கொண்டே இருந்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது பாட்டைச் சுற்றிய மௌனம்.

"தள்ளிப் போட்டுட்டியா தம்பி? கொஞ்சம் பின்னால போ."

மூன்று முறை போட்டான். மூன்று முறையும் ஒன்றுமில்லை. அன்பரசு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ரெண்டு தேதி போட்டிருக்கான் பாய். ரெண்டு நாளும் புடிச்சி, எந்த நாள்ல எந்த எடம் நல்லாருக்கோ அத எடுத்து ஒட்டியிருப்பான். எல்லாரும் பண்றதுதான். நாட்டியாஞ்சலியில கொழந்த அழுவறத நானே எத்தினி வெட்டியிருப்பேன்? என்னா சத்தம் தேடுறீங்க?"

சமீரா அண்ணனைப் பார்த்தாள். "மச்சான் விழுந்த சத்தம்" என்றார் அவர். "பாட்டு நடக்கறப்பவே விழுந்தாரு. வேலையிலதான் மவுத்தானாரு. குடிக்கல்லாம் இல்ல."

"அந்தச் சத்தத்த யாரு கேட்டா?" என்றாள் சமீரா.

"நான்தான்."

அன்பரசு பாட்டை நிறுத்தினான்.

"கேட்டுட்டு?" என்றாள் அவள்.

"கையெழுத்துப் போட்டேன்" என்றார். எதிலே, ஏன் என்று எல்லாம் சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. "ஜமாஅத்துல வந்து சொல்றேன், சமீரா. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"என்னான்னு சொல்லுவீங்க? பொய்ச்சாட்சி சொன்னவன் பேசுறேன்னு ஆரம்பிப்பீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "ஊரு நம்பாது நானா. தங்கச்சி மவளுக்காவ இப்ப மாத்திச் சொல்றாருன்னுதான் சொல்லும். அன்னிக்கே சொல்லியிருந்தா ஒங்க ஒரு சொல்லு போதும்."

எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, திரும்பாமலே, "தஸ்னீம்கிட்ட இதச் சொல்லிடாதீங்க. அவ ஒங்க மேல ஜாஸ்தி உசுரு வச்சிருக்கா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஹபிபுல்லா கால் மணி கழித்துப் போனார். அவள் பரங்கிப்பேட்டை டவுன் பஸ்ஸுக்காகத் தூணோரம் நின்றிருந்தாள். கடலூர் பஸ்ஸும் பி.முட்லூர் வரைக்கும் அதே ரோட்டில்தான் போகும். ஏறிக்கொள்ளும்படி கண்டக்டர் கூப்பிட்டான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்ததையும் விட்டார். அதற்கடுத்ததையும், அவள் தூணோரம் நின்றிருந்த வரைக்கும்.