ரஞ்சி அக்கா கேட்டுத்தான் தொடுவார்

ரஞ்சி அக்கா காலமான செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவள், மானிப்பாயில் அவர் நடத்திய வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி. பெயர் எழுதமாட்டேன். விம்மி விம்மி அழுதாள். நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்றுதான் முதலில் நினைத்தேன். முருகன் மன்னிக்கட்டும்.

அந்த வீட்டை அறிந்த உங்களுக்குத் தெரியும். வேலை தருகிறோம் என்று ஏமாற்றிக் கொண்டுபோய்ப் பாலியல் சுரண்டலுக்கு விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட சிறுமிகள் அங்கே வளர்கிறார்கள். சமையலும் செலவுக் கணக்கும் என் பொறுப்பு. வெள்ளி விரதம் தவறாதவள் நான். அக்காவோ நல்லூர் முருகன் கோயில் தேருக்கு மட்டும் வருவார். கேட்டால், "என்ரை பங்கையும் சேர்த்து நீர் கும்பிடும். உமக்குத்தானே அங்கை செல்வாக்கு" என்பார். அப்படியிருந்தும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டது அவரோடுதான்.

தொலைபேசியில் அழுத அந்தப் பிள்ளை, வீட்டுக்கு வந்த முதல் நாள் சாப்பிடவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய், "என்ன பிள்ளை நடந்தது? ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது?" என்று கேட்டேன். வாசலில் சட்டையில் அறுந்த தெறியைத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"நீர் என்ன பொலிசோ? புட்டை வைச்சிட்டு வாரும்."

பிள்ளை சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவளின் முதல் சிரிப்பு; அதுவும் என்னைப் பார்த்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பிடித்து இருத்தி, எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். அக்கா சீப்போடு நின்று, "தலை இழுத்துவிடட்டோ?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் போய்விடுவார். பல நாள் அவள் பரட்டைத் தலையோடு போனாள். இதென்ன தலை என்று கேட்டு ஆசிரியை ஆளனுப்பினார்.

"சனம் என்ன கதைக்கும், அக்கா? நான் பிடிச்சுப் பின்னிவிடுறன்" என்றேன்.

"பிடிச்சு இழுத்த ஆக்களிட்டை இருந்துதானே வந்தவள். இஞ்சை ஒருத்தரும் பிடிக்க வேண்டாம்."

ஒருநாள் அவள் "ஓம்" என்றாள். அக்காவின் முன்னால் போய் இருந்தாள். எண்ணெய்ப் போத்தலை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா காலமான நேரத்தில், அவளை விற்றவர்கள் மீதான வழக்கு விசாரணைக்கு வந்திருந்தது. அக்காவோடு போய்ச் சாட்சி சொல்ல இருந்தவள், இனிப் போகமாட்டேன் என்றாள். அவள் சொல்லாவிட்டால் அவர்கள் தப்பிவிடுவார்கள். அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அவளிடம் கேட்டேன்.

"நான் கூட வரட்டோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

நான் திரும்பக் கேட்கவில்லை. கடைசியில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் அவளாக வந்தாள்.

"வாங்கோ அன்ரி. ஆனால் பஸ்ஸிலை தேவாரம் பாடக்கூடாது."

"மனசுக்குள்ளை?"

"அது உங்கடை விருப்பம்."

நீதிமன்றத்தில் வெளியே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து வந்தாள். "எல்லாம் சொல்லிட்டன்" என்றாள். பிறகு, "ரஞ்சி அக்கா இருந்திருந்தால் பயப்பிடாமல் சொல்லியிருப்பன்."

அக்கா, செத்தும் எனக்கு முன்னால்தான் நிற்கிறீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பொறாமையைத்தான். இதைத் தீர்த்துவிடு என்று முருகனிடம் வேண்டுவதில்லை. ஒரு பிள்ளையை அணைக்கக் கை எழும்போது இது குத்துகிறது; உடனே, அணைக்கட்டோ என்று கேட்கிறேன். நீதிமன்றத்தால் திரும்பிய அன்று பஸ் தரிப்பிடத்திலும் அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். எழுந்த கையை இறக்கிக்கொண்டேன்.